பழைய வீட்டுக்குப் புதிய அடுப்பங்கரை: கையில் உள்ள காசை எங்கே போடுவது?

வெண்ணெயைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் திருவெண்ணெய்நல்லூர்.

அம்மன் வெண்ணெயால் கோட்டை கட்டி, அதற்குள் தவம் இருந்தாள் என்பது தல புராணம். சுந்தரரை இறைவன் தடுத்து ஆட்கொண்ட தலமும் இதுதான். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் இங்கே வாழ்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டவர் என்று வள்ளலை இன்றும் போற்றுகிறோம். அந்தச் சோற்றை வடித்துக் கொட்டியவர்கள் யார்? அவர்கள் எந்தப் புகையில் நின்றார்கள்? அதை யாரும் கேட்பதில்லை!

இந்த ஊரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. வாசலில் திண்ணை. உள்ளே நடை. நடுவே முற்றம். சுற்றிலும் தாழ்வாரம். இவை எல்லாவற்றையும் கடந்து போனால் கடைசியில், கொல்லைப்புறத்தை ஒட்டி, இருட்டாக ஓர் அறை. அதுதான் அடுப்பங்கரை.

தாத்தா கட்டிய வீடு. இடிக்க மனம் வராது. இடித்துக் கட்டக் காசும் கிடையாது. ஆனால் அடுப்பங்கரையை மட்டுமாவது சரி செய்ய வேண்டும் என்று வீட்டில் இருக்கும் பெண்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளம் வந்த வருஷம்

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை ஆறு கரை புரண்டது. அரசூர் பக்கத்தில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. வண்டிகள் நின்றுவிட்டன.

பெருவெள்ளம் வந்தால் வீட்டில் முதலில் மூழ்குவது எது? பெரும்பாலும் அடுப்பங்கரைதான். கொல்லைப் பக்கம் தாழ்வாக இருக்கும். சாக்கடைத் தண்ணீர் போகும் வழியாகவே வெள்ளம் உள்ளே வரும். அரிசிப் பானையும் பருப்பு டப்பாவும் தரையில்தான் இருக்கும்.

வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அந்தப் பணம் நாலு நாள் சமையலுக்கு ஆகும். சமையலறை கட்ட ஆகாது.

ஆகவே கையில் கொஞ்சம் சேமிப்பு, மகளிர் குழுவில் ஒரு கடன், மீறினால் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து வரும் தொகை. இவ்வளவுதான் மூலதனம். இந்தப் பணம் போனால் மறுபடி வர நாளாகும். ஒரு ரூபாய் கூட வீணாகக்கூடாது.

மேஸ்திரி என்ன சொல்வார்?

மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டுகிறோம். அவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார்.

“சுவர் பூரா டைல்ஸ் ஒட்டிடலாம்மா. கீழே வழவழன்னு கிரானைட் போட்டுடலாம். மேலே கப்போர்டு அடிச்சிட்டா பங்களா மாதிரி ஆயிடும்!”

கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொன்ன மூன்றும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். சமைக்கிற பெண்ணின் முதுகுக்கும் மூச்சுக்கும் அவற்றால் லாபம் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அறை 10 அடி நீளம், 8 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுவரும் சேர்ந்து சுற்றளவு 36 அடி. ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 252 சதுர அடி. கதவும் ஜன்னலும் போனால் கூட 220 சதுர அடிக்குக் குறையாது.

உண்மையில் எண்ணெய் தெறிப்பதும் தண்ணீர் தெறிப்பதும் எங்கே? மேடைக்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கு மட்டும்தான். மேடை 12 அடி நீளம் என்றாலும் 24 சதுர அடி டைல்ஸ் போதும். ஒன்பதில் ஒரு பங்கு! மிச்ச எட்டுப் பங்கு டைல்ஸ், ஒட்டும் சிமெண்டு, கூலி எல்லாம் மிச்சம்.

பழைய வீட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் மண் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டியவை. தரையில் இருந்து ஏறும் ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, டைல்ஸையும் ஒட்டி மூடினால் ஈரம் போக வழி இல்லை. சுவருக்குள்ளேயே தங்கும். உப்பு பூக்கும். இரண்டு மழைக்காலம் போனால் டைல்ஸ் பொத்தென்று விழும். வெள்ளம் புகுந்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சுவர் நன்றாகக் காயாமல் எந்தப் பூச்சு வேலையும் செய்யக்கூடாது. மற்ற இடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாலே போதும். வெள்ளையாக இருக்கும். அறையும் வெளிச்சமாகும்.

உட்கார்ந்து சமைத்த அறை

நம் பழைய அடுப்பங்கரை ஏன் அப்படி இருட்டாக, தாழ்வாக இருந்தது? நம் முன்னோர்களுக்கு அறிவு இல்லாமல் அல்ல.

அன்று சமையல் தரையில் நடந்தது. விறகடுப்பு தரையில். அம்மி தரையில். ஆட்டுக்கல் தரையில். அரிவாள்மணையும் தரையில். பெண்கள் மணை போட்டு உட்கார்ந்து சமைத்தார்கள். புகை மேலே போய் ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறியது. உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குக் கொஞ்சம் கீழ்க்காற்று கிடைத்தது. புகை பட்ட மூங்கிலையும் மரத்தையும் பூச்சி எளிதில் தொடாது என்பதும் ஒரு சௌகரியம்.

பிறகு காலம் மாறியது. 2006-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் வந்தது. 2016-ம் ஆண்டு மே 1-ந் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் உத்தரப் பிரதேசத்தில் பலியா என்ற ஊரில் தொடங்கியது.

பத்தே வருஷத்தில் சமையல் சாமான்கள் எல்லாம் மாறிவிட்டன. அறை மட்டும் மாறவில்லை!

நின்று சமைக்க வேண்டிய அடுப்பு வந்தது. அதை வைக்க மேடை இல்லை. பழைய மேஜை மேல் வைத்தார்கள். அல்லது தரையில் வைத்துக் குனிந்தார்கள். மூன்று மின்சாரச் சாமான்கள் வந்தன. அறையில் இருந்ததோ ஒரே ஒரு பல்பு. ஒரு பிளக்கில் இருந்து கம்பியை இழுத்து இழுத்து மாட்டினார்கள். இன்று பழைய வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் கஷ்டங்களில் பாதி இப்படி வந்தவைதான்.

எனவே செலவு செய்ய வேண்டிய இடமும் தானாகத் தெரிந்துவிடுகிறது. உட்கார்ந்து சமைக்கக் கட்டிய அறையை, நின்று சமைக்கும் அறையாக மாற்ற வேண்டும். அதற்குக் கூரை, சாக்கடை, மின்சாரம், காற்று, மேடை ஆகியவற்றைப் பார்த்தால் போதும். டைல்ஸ் கடைசி. காசு மிஞ்சினால் பார்க்கலாம்.

முதலில் மேலே பாருங்கள்

கூரை ஒழுகும்போது கீழே மேடை கட்டுவது வீண். நாட்டு ஓடு என்றால் ஓடுகளை இறக்கி, உடைந்ததை மாற்றி, மறுபடி வேய வேண்டும். மேலே ஏறும் ஆளிடம் கைமரத்தையும் ரீப்பர் சட்டத்தையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே கரையான் இருக்கலாம். கெட்ட சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். கூரை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை.

“ஓட்டை எடுத்துட்டு காங்கிரீட் போட்டுடலாமா?” என்று சிலர் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். மண் சாந்தில் கட்டிய சுவர், ஓட்டின் பாரத்தைத் தாங்கக் கட்டியது. காங்கிரீட் தளத்தின் பாரம் வேறு. அஸ்திவாரத்தையும் சுவரையும் ஓர் என்ஜினீயர் பார்க்காமல் தளம் போடுவது ஆபத்து.

ஓடு மாற்றும் நாளிலேயே செய்துகொள்ள வேண்டிய ஒரு சிக்கன வேலை உண்டு. மேடை வரப்போகும் இடத்துக்கு மேலே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு வைத்து விடுங்கள். சீமை ஓடு என்றால் அதே அளவில் கண்ணாடி ஓடு கடையில் கிடைக்கும். பகல் முழுவதும் விளக்கே வேண்டாம்.

சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓடுதான். 1865-ல் ஜெர்மானிய பாதிரிமார்கள் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அந்த மாதிரி ஓடுகள் பிறகு நாடெல்லாம் பரவின. பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் நல்ல ஓடுகள் மலிவாகக் கிடைப்பது உண்டு. விசாரித்துப் பாருங்கள்.

பழைய சாமானை வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர்கள் லாரி பேக்கரை நினைத்துக்கொள்ளட்டும். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் குடியேறி, 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். மத்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், ஓடு ஆகியவற்றை வாங்கி அழகான புது வீடுகள் கட்டினார். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் சொன்னதாக அவர் அடிக்கடி கூறுவார். திருவெண்ணெய்நல்லூரில் இருந்து ஐந்து மைலுக்குள் செங்கல், மண், பழைய மரம், நல்ல கொத்தனார் எல்லாம் உண்டு. இத்தாலி மார்பிள்தான் இல்லை!

புகை எங்கே போகும்?

வீட்டுக்குள் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் எரிப்பதால் வரும் புகை, 2020-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் உயிர்களைக் குடித்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நுரையீரல் நோய், இருதய நோய், குழந்தைகளுக்கு நிமோனியா என்று அது பல ரூபத்தில் வருகிறது.

இதை எதிர்த்து ஒரு தமையனைப் போல முதலில் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹைதராபாத் டாக்டர் எஸ்.பி. ராஜு. அங்குள்ள பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1950-களில் அவர் புகையில்லா அடுப்பைச் செய்தார். மண்ணாலேயே செய்யலாம். ஒரே நெருப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் கொதிக்கும். புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று ஒரு சிறு நூலும் எழுதினார்.

பிறகு 1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடு முழுவதும் நடத்தியது. 2002-ல் அது நின்றது. பல வீடுகளில் குழாயில் கரி அடைத்துக்கொண்டதும் அடுப்பையே உடைத்துப் போட்டுவிட்டார்கள். வாரம் ஒரு முறை குழாயில் துணி சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்திருந்தால் அந்த அடுப்புகள் இன்னும் உழைத்திருக்கும்.

இன்று காஸ் இருந்தாலும் விறகடுப்பு முழுவதும் போகவில்லை. வெந்நீர் வைக்க, நெல் அவிக்க, சிலிண்டர் விலை ஏறிய மாதத்தில் சோறு வடிக்க, விறகுதான் கை கொடுக்கிறது. அது தப்பில்லை. ஆனால் அந்த அடுப்பு அறைக்குள் வேண்டாம். கொல்லைத் தாழ்வாரத்தில், புகைக்குழாயோடு, தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ் அடுப்புக்கும் காற்று வேண்டும். தாளிக்கும் புகையும் புகைதான். ஜன்னல் இருந்தால் அதைத் திறந்து வைக்க இடம் கொடுங்கள். பல வீடுகளில் ஜன்னல் மேல் ஊறுகாய் ஜாடிகள் குடியிருக்கும்! ஜன்னல் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே சுவரில் துளை போட்டு ஒரு சிறிய எக்ஸாஸ்ட் மின்விசிறி வைக்கலாம். காற்று உள்ளே வரும் கதவுக்கு எதிர்ப்பக்கமாக அது இருக்க வேண்டும்.

இன்னொன்று. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரையை ஒட்டியும் ஒரு சிறு திறப்பு வைத்து, எலி வராமல் கம்பி வலை அடித்துவிடுங்கள்.

மேடையின் உயரம்

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம்.

மேடையின் உயரம் எத்தனை? மேஸ்திரியைக் கேட்டால் ஓர் அளவு சொல்வார். அது ஊருக்கெல்லாம் ஒரே அளவு. உங்கள் வீட்டில் சமைப்பவர் ஊருக்கெல்லாம் பொதுவானவரா?

சமைப்பவரை நேராக நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையில் இருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு முதல் ஆறு அங்குலம் கழியுங்கள். காய் நறுக்கும் மேடையின் உயரம் அதுதான். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 32 அங்குலம் வரும். மாமியார் ஐந்தடிக்குக் குறைவு, மருமகள் ஐந்தரை அடி என்றால்? யார் அதிக நேரம் சமைக்கிறாரோ அவருக்கு அளவு எடுங்கள். இதில் மரியாதை பார்க்க வேண்டாம்.

அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்திக் கட்டுவது நல்லது. ஏனென்றால் அடுப்புக்கே ஓர் உயரம் உண்டு. அதன் மேல் குக்கரும் ஏறும். தாழ்த்தாமல் கட்டினால் குழம்பைக் கிளறத் தோளைத் தூக்க வேண்டும். மூன்று வேளையும் தூக்கினால் தோள் என்ன ஆகும்? ஆனால் ஒரு விதி: அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைக்கக்கூடாது.

மேடைக்கு எந்தக் கல்? கையில் காசு குறைவென்றால் கடப்பா கல் போதும். ஆந்திராவின் கடப்பா பக்கத்தில் இருந்து வரும் கறுப்புக் கல் அது. கிரானைட்டைவிட மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டு நின்றால் வெளுத்துப் போகும். உடனே துடைத்தால் பல வருஷம் உழைக்கும். என்னைக் கேட்டால், மேடை முழுவதும் கடப்பா போட்டு, புளி கரைக்கிற இடத்தில் மட்டும் கடையில் மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றைப் பதித்துக்கொள்ளலாம். துண்டுக் கற்களைக் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தருவது வழக்கம்.

கீழே மர அலமாரி வேண்டாம். ஈரமும் கரையானும் அதைத் தின்றுவிடும். இடையில் செங்கல் சுவர் எழுப்பி, குறுக்கே மெல்லிய சிமெண்டுப் பலகைகள் செருகினால் போதும். இரும்புக் கம்பியும் கோழிவலைக் கம்பியும் வைத்து, ஓர் அங்குல கனத்துக்குச் சிமெண்டுக் கலவை பூசிச் செய்யும் இந்தப் பலகைக்கு ஃபெரோசிமெண்ட் என்று பெயர். நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் தொட்டி, கதவு, கூரை கூட இதில் செய்திருக்கிறார்கள். ஐந்து சதவீத அளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்த, சூளையில் சுடாத மண் கல்லையும் அங்கே பார்க்கலாம். 1989-ல் அங்கு தொடங்கிய பூமிக் கட்டடக் கழகம் இந்த வேலைகளைக் கற்றுக் கொடுக்கிறது.

திரைச்சீலை ஒன்றைக் கம்பியில் மாட்டிவிட்டால் கதவும் ஆயிற்று.

ஜெர்மனியில் ஒரு பெண்மணி

மேடை, அடுப்பு, தொட்டி, சாமான் இவற்றை எப்படி அடுக்குவது? இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்பர்ட் நகரில் தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வீடுகள் கட்டினார்கள். அவற்றுக்குச் சமையலறை அமைக்கும் பொறுப்பு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் கட்டடக் கலைஞரிடம் வந்தது. வியன்னாவில் பிறந்தவர். வருஷம் 1926.

அவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கெடுத்தார். ஒரு பெண் அடுப்பில் இருந்து தொட்டிக்கு எத்தனை முறை நடக்கிறாள்? தொட்டியில் இருந்து அலமாரிக்கு எத்தனை எட்டு? அதன்படி ஓர் அறை அமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினொரு அடி. அவ்வளவுதான்! ஜன்னலுக்கு நேரே வேலை செய்யும் மேஜை. உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழலும் முக்காலி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதே சமையலறை வந்தது. உலகத்தில் இன்று நாம் காணும் மேடைச் சமையலறைகளுக்கெல்லாம் அது தாய் என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? அதை அமைக்கும் வரை தாம் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொன்னார். அதனால் ஒரு குறையும் இருந்தது. இரண்டு பேர் நிற்க இடமில்லை. 

நம் வீடுகளில் ஒருவர் தனியாகச் சமைப்பது அபூர்வம். மாமியார் கீரை ஆய்வார். மகள் தேங்காய் துருவுவாள். ஆகவே எட்டுகளைக் குறைக்கும் யோசனையை அவரிடம் எடுத்துக்கொள்வோம். இடத்தை மட்டும் நம் வசதிக்கு வைத்துக்கொள்வோம். தொட்டி, நறுக்கும் இடம், அடுப்பு மூன்றும் அடுத்தடுத்து இருக்கட்டும். ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி தரையைக் காலியாக விடுங்கள். அம்மியும் அரிவாள்மணையும் அங்கே இருக்கும். முழங்கால் வலியோடு வெகு நேரம் நிற்க முடியாத பெரியவர்களுக்கு ஓர் உயரமான முக்காலியும் போடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

இவை இரண்டும் மேடை கட்டுவதற்கு முன்பே முடிய வேண்டியவை. பிறகு செய்தால் புது மேடையை உடைக்க வேண்டி வரும்.

தொட்டியில் இருந்து போகும் குழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். பத்தடி போனால் இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். குழாயில் வளைவு ஒன்று வைத்தால் அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராது. கழிவுநீரைத் தெருவில் விடாமல், கொல்லையில் வாழைக்கு விடுங்கள். வாழை இல்லாவிட்டால் ஓர் உறிஞ்சு குழி தோண்டுங்கள்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்ப்பவர் வீட்டுக்கு ஆபத்தைக் கூப்பிடுகிறார். மிக்சிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, மின்சார அடுப்போ வேறு பெரிய சாமானோ வந்தால் 16 ஆம்பியர் பிளக் ஒன்று. எல்லாவற்றுக்கும் எர்த் கம்பி அவசியம். ஈரக் கையோடு தொடும் அறை அல்லவா? மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் பெட்டியில் வைத்துவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

2024 வெள்ளம் உங்கள் சுவரில் எதுவரை வந்தது? அந்தக் கறை இன்னும் தெரிந்தால் சுண்ணாம்பு அடிக்கும் முன் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிளக்குகளும் அரிசி வைக்கும் பலகையும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

விளக்கு எங்கே? அறை நடுவில் தொங்கினால் சமைப்பவரின் நிழல் பலகை மேலேயே விழும். வெட்டுவது காயா விரலா என்று தெரியாது. மேடைக்கு நேர் மேலே, முகத்துக்கு முன்னால், ஓர் 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும்.

காஸ் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயை மட்டும் வாங்கி, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அதை மேடைக்கல்லுக்கு உள்ளே பதிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். கசிவு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எப்போது தொடங்குவது?

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டைப் பிரிக்க வேண்டாம். தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் தொடங்கினால் வெயில் இருக்கும். சுவரும் காயும். இரண்டு மூன்று வாரங்களாவது சமையல் தாழ்வாரத்தில்தான். அதற்குத் தயாராக இருங்கள்.

மொத்தப் பணத்தையும் மேஸ்திரியிடம் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். கூரை முடிந்ததும் ஒரு பங்கு, குழாயும் கம்பியும் முடிந்ததும் ஒரு பங்கு, மேடை நின்றதும் ஒரு பங்கு என்று பேசிக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பாகத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பழைய வீட்டில் சுவரைத் தட்டினால் என்ன விழும் என்று சொல்ல முடியாது.

மேடை கட்டி முடிந்த மறுநாளே பால் காய்ச்ச நல்ல நேரம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிமெண்டு வேலைக்கு ஏழு நாளாவது சாக்கு போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கிரைண்டர் போன்ற பாரத்தை அதுவரை ஏற்றக்கூடாது. நல்ல நேரத்தை எட்டாம் நாளுக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள்.